வியாழக்கிழமை எண்ணிய வண்டிகள்

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினத்துக்காக நான் எழுதிய வாழ்த்துரையைப் படிக்கவே முடியவில்லை. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா பாதி முடிந்துவிட்டது. நாலுரோட்டிலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் பதினைந்து நிமிடம் ஆகும். இன்று ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று பெரிய முகூர்த்தம். எங்கள் ஓடைப்பள்ளம் சாலையில் மூன்று கல்யாண மண்டபங்கள். மூன்றிலும் கல்யாணம். வேன்கள், கார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்த பேருந்துகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஈரோடே எங்கள் சாலைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த நெரிசலுக்கு நடுவில், நாலுரோட்டில் குடைக்கடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மேம்பாலம் கட்டலாமா என்று ஆய்வு செய்யும் வெளியூர்க் கம்பெனி ஒன்று அப்பாவைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்திருக்கிறது. அவருக்குக் கீழே நான்கு கல்லூரிப் பையன்கள், சாலைக்கு ஒருவர். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நான்கு கோட்டுக்கு மேல் குறுக்காக ஐந்தாவது. கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசை. அரசு விடுமுறை இல்லாத மூன்று நாட்கள் எண்ணித் தரவேண்டும்: இன்று, திங்கள், செவ்வாய். சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. அது அரசு விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. முகூர்த்தம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அப்பா முன்பு தனியார் பேருந்துக் கம்பெனியில் டைம் கீப்பர். மார்ச் மாதம் முதலாளி பேருந்துகளை விற்றுவிட்டார். இந்த நாட்குறிப்பு அந்தக் கம்பெனி கடைசியாகக் கொடுத்தது. அட்டையில் இன்னும் பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

அப்பாவுக்கு இன்று நான் பெரிய உதவி செய்தேன்.

நேற்று மழை. அந்த நான்கு பையன்களும் பிள்ளையார் சிலை கரைக்கக் காவிரிக்குப் போனவர்கள் இன்றும் வரவில்லை. அப்பா ஒருவரே நான்கு பக்கமும் எப்படி எண்ணுவார்? நாளைக் காலை தாள்களைக் கொடுத்தாகவேண்டும். பள்ளியிலிருந்து வந்ததும் வெற்றுத் தாள்களை என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, உன்ற கையெழுத்து அழகா இருக்கும். வியாழக்கிழமை தாளைப் பாத்து இன்னும் ரெண்டு நாளைக்குப் போட்டுக் குடு சாமி. அப்பிடியே போட்டுறாத. கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போடு."

"அது வேற நாளுங்களேப்பா?"

"ரோடு அதேதான? வண்டி மட்டும் மாறிருமா?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய்விட்டாள்.

ஏத்தி இறக்கிப் போடுவது எளிதல்ல. திங்கள் மழை என்பதால் இருசக்கர வாகனங்களைக் கொஞ்சம் குறைத்து, கார்களைக் கூட்டினேன். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கக்கூடாது என்பதற்காக நான்கு பேனாக்கள் எடுத்துக்கொண்டேன். நான்கு ஆட்களை மனதில் உண்டாக்கினேன். ஒருவன் கோடுகளைச் சாய்த்துப் போடுவான். ஒருவன் அழுத்தி எழுதுவான். ஒருவனுக்கு மூன்று மணிக்கு மேல் அலுப்புத் தட்டும்; அவன் கோடுகள் நீண்டு தொங்கும். நான்காவது ஆள் ஒழுங்கானவன். ஒரு தாளின் மூலையில் டீ டம்ளரை வைத்து வட்டமாகக் கறை படவைத்தேன். கதை எழுதுவதைவிட இது நன்றாக இருந்தது.

அப்பா ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். "நெசமாலுமே எண்ணுன மாதிரியே இருக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

அப்பாவுக்குக் கம்பெனி சட்டை கொடுத்திருக்கிறது. வெளிர் நீலம். பையின் மேல் சின்னதாக ஒரு பாலம். பாலத்துக்கு அனுமதி கிடைத்தால் அப்பாவுக்கு மேற்பார்வையாளர் வேலை நிரந்தரமாம். அம்மா பல மாதங்களுக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தாள்.

செப்டம்பர் 30, திங்கள்

பாலத்துக்காக இடிக்கவேண்டியவை என்று சாலையின் தெற்கு வரிசை முழுக்கச் சிவப்பு வண்ணத்தில் எண்கள் போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வீடுகளும் கிளை நூலகமும். நூலகத்தின் எண் 9. ஷாகிரா வீட்டுக்கு 14.

ஷாகிராவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பதினொன்று. அப்பாவை அவள் அத்தா என்பாள். அவர் வீட்டு முன்னறையில் மெத்தை தைக்கிறார். அந்தச் சிவப்பு எண்ணைக் கையால் தடவிப் பார்த்தபடி நின்றிருந்தார். விரலில் வண்ணம் ஒட்டிக்கொண்டது.

"எங்கூட்டுக்குப் பதினாலு மார்க்குடி. உங்கூடு தப்பிச்சுருச்சு, வடக்கு வரிசை" என்று ஷாகிரா சிரித்தாள். பிறகு, "பஞ்சு மூட்டையையெல்லாம் எங்கே வெக்கிறதுன்னுதான் எங்கம்மா காலையில இருந்து கேட்டுட்டே இருக்கறாங்க" என்றாள்.

நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

தையல்கடை சுலோச்சனா அக்காவின் கடையில் தெற்கு வரிசைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அக்கா வீட்டு எண் 21. அவர்தான் குழுவுக்குத் தலைவி. ஷாகிரா கூப்பிட்டதால் நானும் போனேன்.

எதிர்ச் சுவரில் இரண்டு போஸ்டர்கள். ஒன்றில், மேம்பாலம் தந்த தலைவருக்கு நன்றி. இன்னொன்றில், உயிரைக் கொடுத்தாவது பாலத்தைத் தடுப்போம் என்று மற்றக் கட்சி. போன ஆட்சியில் இதே பாலத்தை அறிவித்ததும் அந்த மற்றக் கட்சிதானாம்.

"ரெண்டுக்கும் கீழ சின்ன எழுத்துல பாருங்க. ரெண்டும் ஒரே பிரஸ்ல அடிச்சதுங்" என்றார் சுலோச்சனா அக்கா, வாயில் ஊசியைக் கடித்தபடி. "இவங்கள நம்பி உக்காந்தம்னா நம்ம வூட்டுக்கு மேல பஸ்ஸு போகும். அந்த ஆய்வறிக்கைய வாங்கோணும். தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டிருக்கறேன். வந்தா யாரு படிக்கிறது? எனக்கு ஜாக்கெட் அளவுக்கு மேல இங்கிலீஷ் வராது."

"சுடர் படிப்பா அக்கா" என்றாள் ஷாகிரா. "கிளாஸ்லயே அவதான் பர்ஸ்ட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நூலகம் விடுமுறை. டீக்கடையில் அப்பாவைப் பார்த்ததும் பேச்சு நின்றதாம். "பாலத்துக்காரருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்று யாரோ சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இட்லி மாவு பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

அக்டோபர் 26, சனி

அறிக்கை வந்துவிட்டது. இருநூற்றுப் பத்துப் பக்கங்கள். தையல் மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு நான், ஷாகிரா, சுலோச்சனா அக்கா மூவரும் உட்கார்ந்தோம். அகராதியும் கொண்டுபோயிருந்தேன்.

முக்கியமான விஷயம் 61ஆம் பக்கத்தில் இருந்தது. நாலுரோட்டில் காலை ஒன்பது மணியிலிருந்து பத்து மணி வரை போகும் வண்டிகள் மூவாயிரத்துக்குள் இருந்தால் இருவழிப் பாலம் போதும். சாலையின் நடுவிலேயே கட்டிவிடலாம். ஒரு வீடும் போகாது. மூவாயிரத்தைத் தாண்டினால் நால்வழிப் பாலம். தெற்கு வரிசை போகும். மூன்று நாள் சராசரி 4,270 என்று போட்டிருந்தது.

"நாலாயிரமா? நம்ம நாலுரோட்டுலயா?" என்று சுலோச்சனா அக்கா எழுந்துவிட்டார். "முப்பது வருசமா இந்த மெஷின்ல உக்காந்து ரோட்டப் பாக்கறேன். எவன் எண்ணுனான்? அந்தத் தாள் இருக்குதா பாரு."

பின்னிணைப்பில் அந்தத் தாள்களின் நகல் இருந்தது. முதலில் வியாழன். அடுத்து திங்கள், செவ்வாய். ஒன்றில் மூலையில் வட்டமாக ஒரு கறை.

தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அரிசி ஊறவைத்தேன். மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

ஷாகிரா வழக்கம்போல் என் கணக்கு நோட்டை வாங்கினாள். காப்பியடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நானே போட்டுக்கறேன்" என்றாள்.

நான் ஏழு எழுதும்போது நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவேன். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் பழைய தபால் அட்டையின் படம் இருந்தது. அதைப் பார்த்து ஏழாம் வகுப்பில் பழகியது. எங்கள் வகுப்பில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை. நான்கு பேனா எடுத்தவள் கூட்டுத்தொகைகளில் ஏழை மாற்றவேண்டும் என்று ஏன் நினைக்கவில்லை?

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். அம்மா முறுக்கு பிழியக் கூப்பிடுகிறாள்.

நவம்பர் 4, திங்கள்

ஒரு வழி கிடைத்துவிட்டது!

காலண்டரில் பழைய தாள்களை அம்மா கிழித்துப் போடாமல் கிளிப்பில் மாட்டி வைப்பாள். அதில் செப்டம்பர் 5 வந்தது. சிவப்பு எழுத்தில் சுபமுகூர்த்தம். ஒரு நாள் முகூர்த்தக் கூட்டத்தை எண்ணி, தினமும் இவ்வளவு வண்டி என்று சொன்னால் அது பொய்தானே? வியாழக்கிழமையைத் தட்டிவிட்டால் கணக்கே ஆடிப்போகும். மற்ற நாட்களை யாரும் திருப்பிப் பார்க்கவே தேவையில்லை.

ஓடிப்போய் சுலோச்சனா அக்காவிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "எஞ் சாமி! அன்னிக்கு நானே ரெண்டு கல்யாணத்துக்கு ஜாக்கெட் தெச்சுக் குடுத்தேன். எனக்குத் தோணலயே!"

ஷாகிரா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை மட்டும் போதுமாடி?" என்று கேட்டாள்.

"போதும்" என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சாலை முழுக்க வீடு வீடாகப் போய் செப்டம்பர் 5 கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்தோம். எங்கள் பக்கத்தில் யாரும் பத்திரிகையைக் குப்பையில் போடமாட்டார்கள். காலண்டர் ஆணியிலோ ஜன்னல் கம்பியிலோ செருகி வைத்திருப்பார்கள். அடுத்து அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது முறை செய்ய முகவரி வேண்டுமே. நாற்பத்தாறு பத்திரிகைகள். மண்டபம் மூன்றுதான் என்றாலும் கோயிலிலும் சமுதாயக் கூடத்திலும் நடந்ததைச் சேர்த்தால் ஒன்பது கல்யாணங்கள்.

ஒன்பது எண் போட்ட நூலகத்தின் நூலகர் தன் தங்கை கல்யாணப் பத்திரிகையையே கொடுத்தார்.

நவம்பர் 12, செவ்வாய்

நாளை கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய மண்டபத்திலேயே நடக்கிறது.

அப்பா நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே கையை மூன்று முறை தேய்த்தார். "நாளைக்கு நீயும் வர்றயா பாப்பா?" என்று கேட்டார்.

"வர்றேனுங்கப்பா."

"பரீட்சை எதும் இல்லீல்ல?"

"இல்லீங்."

இந்த நாட்குறிப்பை எப்போதும் அட்டைப் பேருந்து மேலே தெரியும்படி வைப்பேன். இன்று அலமாரியில் கவிழ்ந்திருந்தது. அம்மா தூசி தட்டியிருப்பாள்.

நவம்பர் 14, வியாழன்

இது கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். நாட்குறிப்பு இப்போது என்னிடம் இல்லை. நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேடையில் முந்தின கல்யாணத்தின் பூ அலங்காரத்தைக்கூட எடுக்கவில்லை. அதன் கீழே கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரியும் கம்பெனி இன்ஜினியரும் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் ஒரு கட்சி, வலப்பக்கம் இன்னொரு கட்சி. முதல் அரை மணி நேரம் இரண்டு பக்கமும் கோஷம் மட்டும். "இது கருத்துக் கேக்கற கூட்டம், காது கேக்காம பண்ற கூட்டமில்லை" என்று அதிகாரி சத்தம் போட்ட பிறகுதான் அடங்கினார்கள். கம்பெனி ஆட்களோடு சுவரோரம் அப்பா நின்றிருந்தார்.

சுலோச்சனா அக்கா பத்திரிகைக் கட்டோடு போனார். ஒவ்வொன்றாகத் தேதியை வாசித்து மேசையில் அடுக்கினார். "நாற்பத்தாறுங்க மேடம். இன்னும் வேணும்னாலும் கொண்டாறேன். கல்யாணத்துக்கு வந்த வண்டிக்கெல்லாம் எங்க வூட்ட இடிச்சா, அடுத்த முகூர்த்தத்துக்கு எங்க நின்னு அட்சதை போடறது?"

மண்டபமே கைதட்டியது. அதிகாரி சிரித்துவிட்டு இன்ஜினியரைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

இன்ஜினியர் பதற்றமே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். "முகூர்த்தம்னு எங்களுக்குத் தெரியாது மேடம். அது தவறுதான். வியாழக்கிழமையை எடுத்துடலாம். ஆனா திங்கள், செவ்வாய் சாதாரண நாள்தானே? அதுலயும் நாலாயிரத்துக்கு மேலதான் வருது. தாள் இருக்கு. நாலு பேர் தனித்தனியா எண்ணினது. பாத்தாலே தெரியும்."

தாள்களை உயர்த்திக் காட்டினார். பாத்தாலே தெரிந்தது. சாய்த்துப் போடுபவன், அழுத்தி எழுதுபவன், அலுத்துப்போனவன், ஒழுங்கானவன். நான் உண்டாக்கிய நான்கு பேரும் எங்களுக்கு எதிராக அங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுலோச்சனா அக்கா பத்திரிகைகளை ஒன்றுசேர்க்க ஆரம்பித்தார். ஷாகிராவின் அத்தா தலையைக் குனிந்துகொண்டார். ஷாகிரா என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். சுவரோரம் பார்த்தேன். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை.

ஒலிபெருக்கி என் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரோ அதை வளைத்துக் கொடுத்தார்கள்.

"திங்களும் செவ்வாயும் யாரும் எண்ணலீங். அந்த ரெண்டு நாளும் நான் வூட்ல உக்காந்து எழுதுனது. நாலு பேனாவுல."

முதலில் நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு ஒரே கூச்சல். இன்ஜினியர் சிரித்தார். "குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க மேடம்."

"ஏழுல குறுக்கே கோடு இருக்கும் பாருங்க. நாலு பேரு எழுத்துலயும் இருக்கும். நான் அப்பிடித்தான் போடுவேன்."

அதிகாரி தாள்களைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்தார். "உனக்கு இந்தத் தாள் எப்படிம்மா கிடைச்சுது?"

எழுந்து சொல்வது வரைதான் யோசித்திருந்தேன். இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை.

"நாந்தானுங் குடுத்தேன்."

அப்பா சுவரை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங். எழுதச் சொன்னது நானு. வேலை நெலைக்கோணும்னு பண்ணிப்போட்டனுங்."

"இந்த ஆள் தற்காலிக ஊழியர் மேடம்" என்று இன்ஜினியர் எழுந்தார். இப்போது சிரிக்கவில்லை. "தெருவே சேர்ந்து மிரட்டியிருக்கும். இன்னைக்குச் சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "அப்போ நடந்ததுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இருக்குதுங். பாப்பா டைரி எழுதும். செப்டம்பர் பத்தாம் தேதில எல்லாமே இருக்குதுங். பேனா, டீக்கறை எல்லாம்."

அட்டைப் பேருந்து கவிழ்ந்திருந்தது அம்மா தூசி தட்டியதால் அல்ல.

அப்பாவே வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவே நடந்துவந்தார். யாரும் வழி மறிக்கவில்லை. யாரும் அவரிடம் பேசவுமில்லை. அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தார். அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் படித்தார். பிறகு மூடி ஓர் உறையில் போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கணக்கை ரத்து செய்துவிட்டு, மறுபடி எண்ண உத்தரவிட்டார். எந்தத் தேதி என்று கேட்டதும் மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் செல்போனில் காலண்டரைத் தேடினார்கள். மார்கழியில் வைக்கலாம் என்று யாரோ கத்தினார்கள். மார்கழியில் கல்யாணமே கிடையாது, வண்டி குறையும் என்று இன்ஜினியர் மறுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் முகூர்த்தங்களையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார்போல. கடைசியில் டிசம்பர் 3, 4, 5 என்று முடிவானது.

வெளியே வரும்போது அப்பா சட்டையைக் கழற்றி மடித்து இன்ஜினியரின் கார் ஓட்டுநரிடம் கொடுத்தார். பனியனோடு நடந்துவந்தார். வாசலில் செருப்பை விடும்போது, "சாப்பிட்டயா பாப்பா?" என்றார்.

நவம்பர் 18, திங்கள்

இன்னும் கிழித்த தாள்தான்.

ஷாகிரா என் கணக்கு நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன்.

"உன்னோட ஏழு எனக்குத் தெரியாதாடி? ஏழாங் கிளாஸ்ல இருந்து அதைப் பாத்துத்தான எழுதறேன். அக்கா கடையில அன்னிக்கே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவீன்னு இருந்தேன்." நோட்டைப் புரட்டினாள். "கொஞ்சம் லேட்டாத்தான் சொன்னே. எங்கம்மா பஞ்சு மூட்டைய எல்லாம் பாதி கட்டிட்டாங்க."

டிசம்பர் 3, செவ்வாய்

அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. டீக்கடையில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆனால் பெஞ்சில் இடம் விடுவதும் இல்லை.

இன்று எண்ணிக்கை. கம்பெனி ஆள் ஒவ்வொருவர் பக்கத்திலும் தெருவின் ஆள் ஒருவர் உட்காரலாம் என்று உத்தரவு. காலை ஏழு மணிக்கு ஷாகிராவின் அத்தா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நாச்சிமுத்தண்ணா, மூணு மூலைக்கு ஆளு கெடச்சுருச்சு. நாலாவது மூலைக்கு இல்லை. நம்மள்ல வண்டி எண்ணத் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தண்ணீர்ப் பாட்டிலை நிரப்ப ஆரம்பித்தாள்.

நாலுரோட்டில் சுலோச்சனா அக்கா ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார். "உக்காருங்க. சாயங்காலம் பேனாவ எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் வூட்டுக்குப் போகோணும்." சிலர் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

தாள்களைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் ஷாகிராவும் நூலகப் படியில் உட்கார்ந்தோம். எங்கள் தலைக்கு மேலே சுவரில் சிவப்பு 9 இன்னும் இருந்தது. அவள் வண்டிகளைச் சொன்னாள். நான் கோடு போட்டேன். கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லை. வந்ததைப் போட்டேன். வண்டி வராத நொடிகளில் கையைச் சும்மா வைத்திருந்தேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி நான்கு மூலைத் தாள்களையும் வாங்கிக் கூட்டி, சத்தமாகப் படித்தார். இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தேழு. யாரும் கைதட்டவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

நான் அதைத் தாளில் எழுதினேன். 2, பிறகு 7. ஏழைக் கோடு இல்லாமல் விட்டேன்.

ஷாகிரா எட்டிப் பார்த்தாள். "கோட்டைப் போடுடி" என்றாள். "நாளைக்கு யாராச்சும் கேட்டா, இது நீ எழுதுனதுன்னு தெரியோணுமில்ல?"

போட்டேன்.